மதுரோ சுருட்டு: முதல் தடவை பிடிப்பவருக்கு

கறுத்துப் பளபளக்கும் ஒரு சுருட்டைக் கையில் கொடுத்தால், புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ரொம்பக் காட்டமா இருக்குமோ?" நிறத்தைப் பார்த்து வரும் பயம். மதுரோ விஷயத்தில் அந்தப் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மேலே சுற்றியிருக்கும் இலை கறுப்பாக இருப்பது அது நன்றாக முதிர்ந்து பதமானதால்; அதனால்தான் அதில் ஒரு மெல்லிய இனிப்பும் இருக்கிறது. காட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே வைத்துச் சுருட்டிய இலைகள். செடியின் உச்சியில் வெயிலைத் தின்று வளரும் ‘லிஹேரோ’ இலை உள்ளே அதிகமாக இருந்தால், வெளியே சந்தன நிறத்தில் சாதுவாகத் தெரியும் சுருட்டுகூட ஆளைச் சாய்த்துவிடும்.

நான் சாய்ந்திருக்கிறேன். முதல் மதுரோவை வெறும் வயிற்றில், சிகரெட் பிடிக்கிற வேகத்தில், இருபது நிமிடத்தில் பாதிக்குமேல் இழுத்துத் தள்ளினேன். வாயெல்லாம் கசப்பு, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, அப்புறம் கழிவறைக் கதவு. சுருட்டின் மேல் குற்றமில்லை, இழுத்த வேகத்தில்தான் குற்றம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த ஒரு மாலை கற்றுக்கொடுத்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகையை நுரையீரலுக்குள் இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று சுருட்டுப் பிரியர்கள் சொல்லிக்கொள்வது பொய். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, அதனால் நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கும் சுருட்டுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். புகைக்காதவரை இதில் இழுத்துவிடும் எண்ணம் எனக்கில்லை. கர்ப்பிணியோ குழந்தையோ இதய நோயாளியோ இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும், பொது இடத்தில் பிடிப்பதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம். எப்போதாவது ஒன்று, அதையும் ஒழுங்காக, என்று முடிவு செய்துவிட்டவருக்குத்தான் இது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

‘மதுரோ’ ஸ்பானியச் சொல். பழுத்தது, முதிர்ந்தது என்று பொருள். நம் காதில் ‘மதுரம்’ என்று விழுவது தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்க வசதி.

ஒரு சுருட்டில் மூன்று அடுக்கு. நடுவில் உள்ளிலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே அழகான மேலிலை. மதுரோ என்று பெயர் வாங்கித் தருவது இந்த மேலிலைதான். எல்லா இலையும் அதற்குத் தாங்காது. தடித்த, எண்ணெய்ப்பசை உள்ள, முதிர்ந்த இலை வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் திறந்த வெயிலில் விளையும் ‘பிராட்லீஃப்’ அப்படிப்பட்டது. இலை இலையாகப் பறிக்காமல், தண்டோடு வெட்டிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் எரிமலை மண்ணில் விளையும் சான் ஆந்த்ரேஸ் இலை இன்னொன்று. பிரேசிலின் பாஹியாவிலிருந்து ‘மாட்டா ஃபினா’.

உலர்ந்த இலையை ஈரம் காட்டி ஆள் உயரத்துக்குப் போர் போடுவார்கள். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் போருக்குள் கைவிட்டுப் பார்த்தவருக்கு மேலே விளக்கம் வேண்டாம். உள்ளே சூடு ஏறும், அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும். சூடு அளவைத் தாண்டும்போது போரைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். சாதாரண மேலிலையைவிட மதுரோவுக்கு இந்தச் சூடும் அதிகம், காலமும் அதிகம். மெல்லிய இலையாக இருந்தால் கந்தலாகிவிடும். தடித்த இலை தாங்கிக்கொண்டு, கறுத்து, காட்டம் குறைந்து, இனிப்பாகும்.

பொறுமை இல்லாதவர்கள் குறுக்கு வழியும் வைத்திருக்கிறார்கள்: ஆவியில் வேகவைப்பது, சாயம் ஏற்றுவது. கல் போட்டுப் பழுக்கவைத்த மாம்பழம் மாதிரி. மேலே ஒரே சீரான நிறம், உள்ளே ருசி இல்லை. நல்ல மதுரோவின் இலையில் நிறம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். நரம்பு தெரியும், பிராட்லீஃபில் சொரசொரப்பும் இருக்கும். தார் பூசிய மாதிரி ஓர் இழை மாறாமல் கறுத்திருந்து, விரலிலும் உதட்டிலும் கறை தாராளமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

எதை வாங்குவது

முதல் தடவைக்கு ‘ரொபுஸ்டோ’ அளவு போதும்: 5 அங்குல நீளம், 50 ரிங். இந்த ரிங் என்பது சுற்றளவு இல்லை, விட்டம். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று கணக்கு. 50 ரிங் என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், நம் கட்டைவிரல் தடிமன். நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரும். ஏழு அங்குல ‘சர்ச்சில்’ பார்க்கக் கம்பீரமாக இருக்கும், புதியவருக்குப் பாதியிலேயே அலுக்கும். மெலிந்த சுருட்டு சீக்கிரம் சூடாகும். அதைப் பதமாகப் பிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பெயர் சொல்லிக் கேட்பவருக்கு நான் காட்டுவது நிகரகுவா. 1962இல் அமெரிக்கா கியூபாவின் மேல் வணிகத் தடை போட்ட காலத்தில், கியூபாவை விட்டு வெளியேறிய சுருட்டுக் குடும்பங்கள் நிகரகுவா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு என்று பரவின. ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் 1964இல் மயாமியில் தொழில் தொடங்கி, பிறகு நிகரகுவாவின் எஸ்தெலி நகருக்குப் போனவர். அந்த நிறுவனத்தின் ‘1964 ஆனிவர்சரி’ வரிசையில் அதே சுருட்டு மதுரோவாகவும் கிடைக்கும், இளநிற மேலிலையோடும் கிடைக்கும். இரண்டையும் ஒரு வார இடைவெளியில் பிடித்துப் பார்த்தால் மேலிலை என்ன செய்கிறது என்று நாக்குக்கே தெரிந்துவிடும். விலை கொஞ்சம் கூடுதல். அதே நிறுவனத்தின் சாதாரண வரிசையில் தொடங்குவதிலும் தவறில்லை.

கியூபாவில் மதுரோ அபூர்வம். அந்நாட்டுச் சுருட்டுப் பெயரான கோஹிபா 2007இல் ‘மதுரோ 5’ என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. மேலிலையை ஐந்து ஆண்டு வைத்திருந்து சுருட்டியதால் அந்த 5. கோஹிபாவில் போலி மலிந்துகிடக்கிறது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா என்று யார் நீட்டினாலும், விலை கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. போலி.

கடையில் கையில் எடுத்ததும் அடிமுதல் நுனிவரை மெதுவாக விரலால் அமுக்கிப் பாருங்கள். சீராக, லேசாகக் குழைய வேண்டும். நடுவில் கட்டி தட்டினால் இழுக்க வராது. ஓரிடம் தொளதொள என்றிருந்தால் அங்கே சூடு பிடிக்கும். குண்டூசி முனை அளவில் துளைகள் தெரிந்தால் வண்டு. வைத்துவிட்டு வாருங்கள்.

நம் வெக்கையில் வைத்திருப்பது

மேற்கத்தியர் எழுதும் அறிவுரையெல்லாம் வறட்சியைப் பற்றியது. சென்னை, தூத்துக்குடி பக்கம் வாழ்பவருக்குச் சிக்கல் நேரெதிர்: புழுக்கமும் சூடும். புகையிலை வண்டின் முட்டை இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அறை 25 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பொரிந்துவிடும். பொரிந்தால் பெட்டி முழுக்கச் சல்லடை. அதனால் வாங்கி வந்ததும் காற்றுப்புகாத பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைக்கிறேன். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகுதான் வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

சுருட்டின் ஈரப்பதத்தைக் காக்கும், தேவதாரு வாசம் வீசும் ஹ்யூமிடார் பெட்டி அழகுதான், பத்துச் சுருட்டு வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப்புகாத நல்ல டப்பாவும், அதற்குள் ஈரத்தை ஏற்றியும் இறக்கியும் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலம் ஒன்றும் போதும். கடைக்காரர் 69 அல்லது 72 கொடுப்பார். மதுரோ இலை தடித்தது, எண்ணெய்ப்பசை உள்ளது. ஈரம் கூடினால் அணைந்து அணைந்து போகும், கசக்கும். 65தான் என் கட்சி. டப்பாவை வீட்டிலேயே குளுமையான மூலையில் வையுங்கள். அரிசி மூட்டை பக்கத்திலோ மசாலா அலமாரியிலோ வேண்டாம், வாசம் ஏறிவிடும்.

வெட்டு

பிடிக்கும் நாளில் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இது அறிவுரை இல்லை, நிபந்தனை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு வெல்லமோ சர்க்கரையோ. தலை சுற்றினால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் வாயில் போட வேண்டும்.

நம் ஊர் உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் பிடித்த பெரியவர்களிடம் கட்டர் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். ‘சுருட்டு’ என்ற தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது. அந்த வகைக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும். கரீபியக் கடல் பக்கத்துச் சுருட்டுக்கு வாய்ப்பக்கம் ஒரு சிறு இலைத்தொப்பி ஒட்டி மூடியிருப்பார்கள். அதைத்தான் வெட்டுகிறோம். தொப்பி முடியும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அதற்கு மேலேயே, இரண்டு மில்லிமீட்டர் போதும், ஒரே அழுத்தில் வெட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் மேலிலை வாழைப்பட்டை மாதிரி பிரிந்துகொண்டே வரும். கட்டரை மேசைமேல் படுக்க வைத்து, சுருட்டை அதில் நிறுத்தி வெட்டினால் அளவு தப்பாது.

வெட்டியதும் பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மதுரோவில் எனக்குப் பாதி சுகம் இதில்தான். உலர்திராட்சை, கோகோ, சில சமயம் கருப்பட்டிப் பாகு அடுப்பில் கொதிக்கும் வாசம். இழுக்க எவ்வளவு இறுக்கம் என்பதும் இப்போதே தெரிந்துவிடும். ஜூஸைக் குழாயில் உறிஞ்சும் அளவு இருந்தால் சரி.

நெருப்பு

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாசனை மெழுகுவத்தி வேண்டாம். பியூட்டேன் லைட்டரோ நீளமான தீக்குச்சியோ. தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள்.

சுருட்டை வாயில் வைக்காமல், அடிமுனையைச் சுடருக்கு மேலே ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, அப்பளம் சுடுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். தீ இலையைத் தொடக் கூடாது. ஓரம் முழுவதும் கறுத்து, மெல்லிய புகை எழும்பி, அங்கங்கே செந்நிறம் தெரியும். மதுரோவின் தடித்த இலைக்கு இது கொஞ்சம் நேரம் எடுக்கும். பிறகு வாயில் வைத்து, சுடரை அருகில் காட்டியபடியே இரண்டு மூன்று சிறு இழுப்பு. திருப்பி, கனலின் மேல் மெதுவாக ஊதிப் பாருங்கள். வட்டம் முழுவதும் ஒரே சிவப்பாக ஒளிர்ந்தால் பற்றிவிட்டது. இங்கே இரண்டு நிமிடம் செலவழித்தவருக்குக் கோணலாக எரிவதோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

இழுப்பு

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம். முதல் சில நாள் நான் கைபேசியில் வினாடி பார்த்துத்தான் பிடித்தேன், வெட்கமாக இருந்தது, பலன் இருந்தது. மதுரோ இலையின் இனிப்பு கனல் மிதமாக இருக்கும்வரைதான் வரும். அடிக்கடி இழுத்தால் கனல் சூடேறி, கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்துத் தீய்ந்த கதைதான். சுருட்டின் உடலைத் தொட்டுப் பாருங்கள். விரலில் சூடு உறைத்தால் இரண்டு நிமிடம் கீழே வையுங்கள்.

புகையை வாய்க்குள் மட்டும் இழுத்து, மூன்று நான்கு வினாடி நாக்கின் மேல் புரளவிட்டு, வெளியே விடுங்கள். விட்ட பிறகு வாயில் என்ன மிச்சம் நிற்கிறது என்று கவனியுங்கள். ருசி அங்கேதான் இருக்கிறது.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, ‘உமாமி’ எனப்படும் இறைச்சிச்சாற்று ருசி என்று ஒரு கைவிரல் அளவுதான். மற்றதெல்லாம் மூக்கு. அதனால் பழகியவர்கள் மூக்கு வழியாகக் கொஞ்சம் விடுவார்கள். வாயில் இருக்கும் புகையில் முக்கால் பங்கை முதலில் வாயாலேயே ஊதிவிடுங்கள். மிச்சத்தை வாயை மூடிக்கொண்டு, மூச்சு விடுவதுபோல் மெல்ல மூக்கால் வெளியே தள்ளுங்கள். உள்ளே இழுக்கக் கூடாது, வெளியே மட்டும். முதல் தடவை மிளகுத்தூள் ஏறினாற்போல் கண்ணில் நீர் வரும். ஒரு சுருட்டுக்கு நான்கைந்து தடவை செய்தால் போதும்.

ருசிக்குப் பெயர் வைப்பதில் யாரும் கூச்சப்பட வேண்டாம். மேல்நாட்டு விமர்சகர்கள் தோல், செடார் மரம், எஸ்பிரஸ்ஸோ என்று அடுக்குவார்கள். நாம் வளர்ந்த அடுக்களை வேறு. ஒரு சான் ஆந்த்ரேஸ் மதுரோவில் எனக்கு வறுத்த புளியங்கொட்டை வந்தது. கனெக்டிகட் பிராட்லீஃபில் பலமுறை கருப்பட்டியும், சிக்கரி கலக்காத காப்பிக்கொட்டை வறுபடும் வாசமும். நிகரகுவா உள்ளிலையில் மிளகு, கோடை மழை விழுந்த மண். உங்களுக்கு எள்ளுருண்டை தெரிந்தால் எள்ளுருண்டை என்றே எழுதி வையுங்கள்.

சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் கவனிப்பது வழக்கம். முதல் பங்கில் மிளகு முந்திக்கொள்ளும், இனிப்பு பின்னால் நிற்கும். இரண்டாவதில்தான் மதுரோ தன் முகத்தைக் காட்டும்: கோகோ, கருப்பட்டி, புகை பால்போலக் கெட்டியாகும். மூன்றாவது பங்கில் எண்ணெயும் சூடும் சேர்ந்து கனம் கூடும், நிகோட்டினும் தெரியும். புதியவர் அந்தக் கடைசிப் பங்கைத் தொடாமல் விட்டாலும் இழப்பில்லை. விரல் சுடும்வரை பிடிப்பது வீரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டைக் காகிதத்துக்கு ஒரு விரல் மேலே வரும்போதே நிறுத்திவிடுவேன். அந்தக் காகிதத்தைத் தொடக்கத்திலேயே உரிக்காதீர்கள், பசை மேலிலையையும் சேர்த்துக் கிழிக்கும். சூடு அருகில் வரும்போது தானாக நெகிழும்.

சாம்பலைத் தட்ட வேண்டாம். ஓர் அங்குலம் சேரட்டும், பிறகு கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து உருட்டினால் விழும். வெள்ளைச் சாம்பல் இருந்தால்தான் உயர்ந்த சரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. சாம்பலின் நிறம் பெரும்பாலும் அந்த மண்ணில் இருந்த மக்னீசியம் போன்ற தாதுக்களின் வேலை. மதுரோவின் சாம்பல் சாம்பல் நிறத்திலேயே இருந்தாலும் குறையில்லை.

கோளாறு வந்தால்

ஒரு பக்கம் மட்டும் எரிந்து இறங்கினால், பின்தங்கிய பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். சரியாகாவிட்டால் அந்த ஓரத்துக்கு மட்டும் லைட்டரைக் காட்டுங்கள். அணைந்துபோனால் பதற வேண்டாம், மதுரோ அணைவது சகஜம். சாம்பலை உதிர்த்து, இழுக்காமல் ஒரு முறை வெளிப்பக்கமாக ஊதி பழைய புகையைத் தள்ளிவிட்டு, மறுபடி சூடு காட்டிப் பற்றவையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ருசி பெரிதாகக் கெடாது. மறுநாளைக்கு எடுத்து வைப்பது மட்டும் வேண்டாம்.

கூடக் குடிக்க முதல் தடவை வெறும் சோடா போதும். ரம்மும் மதுரோவும் பொருந்தும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு புது ருசியை ஒரே நாளில் நாக்கால் பிரித்தறிய முடியாது. பால் சேர்த்த ஃபில்டர் காப்பி நாக்கில் படலம் போட்டுவிடும். கடுங்காப்பி நல்லது. ஒரு கடி கறுப்புச் சாக்லேட் அதைவிட நல்லது.

முடிந்ததும் சிகரெட் போல நசுக்காதீர்கள், நாற்றம் வீட்டைவிட்டுப் போகாது. கிண்ணத்தில் அப்படியே வைத்தால் ஐந்து நிமிடத்தில் தானே அணையும். முழுதாக ஆறியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத் துண்டைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி, அன்றிரவே குப்பையோடு வெளியே போடுங்கள். காலையில் எழுந்து வரும் வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் இருந்தால்தான் அடுத்த டப்பாவுக்கு அலமாரியில் இடம் கிடைக்கும்.